ஒரே கையில் இரண்டு கையெழுத்து

பூங்கொடிக்கும் அருளுக்கும் அப்பா எழுதுவது.

இன்று ஞாயிற்றுக்கிழமை, பூங்கொடியின் கார் கியர்பாக்ஸ் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தது. வந்ததும் வராததுமாக நான் எதிர்மனையில் கிடந்த கருங்கல் ஒன்றைத் தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். அவளுக்கு ஒரே வெட்கம்.

"அப்பா, அதெல்லாம் லாரிக்கு வெக்கிறது. மேல் வீட்டுக்காரங்க பாத்து சிரிக்கிறாங்க. பார்க்கிங்ல போட்டா ஆட்டோமேட்டிக் வண்டி நகராதுப்பா."

"யார் சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க! பதினஞ்சு வருஷம் அந்த வேலை பாத்தவர் நீங்கதான."

சிரித்துக்கொண்டே ஒர்க்‌ஷாப்பில் கொடுத்த காகிதங்களை என்னிடம் நீட்டினாள். பில், மாற்றிய சாமான்களின் பட்டியல், கடைசியாக ஒரு சோதனைச் சீட்டு. அதன் அடியில் இரண்டு கையெழுத்து. மேலே ஒருவர் பெயர், கீழே வேறொருவர் பெயர். ஆனால் பேனா ஒன்று. சாய்வு ஒன்று. பெயர் முடியும் இடத்தில் பேனாவை இழுத்து விட்டிருக்கும் அந்தக் கோடும் ஒன்று. அதைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று மட்டும் சொன்னேன். வேறொன்றும் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும் என்று நினைத்து எழுதுகிறேன். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலைக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். விருதுநகர் ஐ.டி.ஐ. முடித்த கையோடு ஓசூருக்கு பஸ் ஏறினேன். பல்சக்கரம் வெட்டும் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருஷம். அங்கே ஆள் குறைத்தபோது எனக்கு நாற்பத்தைந்து வயது. பிறகு ஜூஜூவாடி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். இதுவரைக்கும் தெரியும். அங்கே ஐந்தாவது வருஷம் நடந்தது தெரியாது. அந்த வாரம் முதுகுவலி என்று சொல்லி நான் வீட்டுக்கு வந்ததும் ஒரு வாய் சாப்பிடாமல் படுத்துக் கிடந்தது பூங்கொடிக்கு நினைவிருக்கலாம், அப்போது அவள் பன்னிரண்டாவது. முதுகு நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஒர்க்‌ஷாப்புக்கு மேற்பார்வையாளர் மஞ்சுநாத். ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். என்னைவிடப் பதிமூன்று வயது சின்னவர். என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார். ஒருநாளும் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைக்கிற நேரம் கூடக்கூட நாங்கள் செய்த வேலையை மனசுக்குள் திரும்பப் பிரித்துப் பார்ப்போம்.

சேர்ந்த முதல் மாதமே எனக்கு அந்தத் துடைப்பு கிடைத்தது. ஒரு கியர்பாக்ஸின் வால்வு பாடியைப் பிரித்துக் கழுவி, துடைத்து, மாட்டிக் கொடுத்தேன். வால்வு பாடி என்றால், எண்ணெயை எந்த கியருக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும் பகுதி. எறும்புப் புற்று மாதிரி உள்ளே அத்தனை சந்து. மூன்றாம் நாள் வண்டி திரும்பி வந்தது. மூன்றாவது கியருக்கு ஏறவில்லை. மஞ்சுநாத் மறுபடி பிரித்தார். விரல் தடிமன் வால்வு ஒன்றை வெளியே இழுத்து ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். அதில் கண்ணிமை மயிர் அளவுக்கு ஒரு வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. திருப்பூரிலிருந்து மூட்டையில் வரும் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்திருந்தேன். இருபத்தைந்து வருஷம் பல்சக்கரத்தை அதில்தானே துடைத்தேன். நூல் விடும் என்று ஒருநாளாவது நினைத்தேனா?

"இங்க துணியே கூடாது அண்ணா. காத்து அடிச்சுக் காய வெக்கணும். சேரும்போதே சொன்னேன்."

"அவசரத்துல செஞ்சிட்டேன் சார்."

"செஞ்சது யாருன்னு நான் கேக்கல. பார்த்தது யாரு?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். இந்த வேலையில் தப்பு செய்யாத கை கிடையாது. அதனால் ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்தாக வேண்டும். செய்த கைக்குத் தன் தப்பு தெரியாது. சொல்லிவிட்டு அந்த நூலை செல்லோடேப் போட்டு பெஞ்சுக்கு மேலே சுவரில் ஒட்டினார். என் பெயரை எழுதவில்லை. எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குப் பட்டது.

அவர் வைத்திருந்த முறைகளிலேயே எனக்குச் சிரிப்பு வந்தது ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஓட்டுபவர் பக்கத்தில் இருக்கும் லீவரை பார்க்கிங்குக்கான 'பி'யில் வைத்தால் வண்டி பூட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறோம். பூட்டுவது லீவர் அல்ல. கீழே கியர்பாக்ஸுக்குள் விரல் நீள இரும்பு நாக்கு ஒன்று இருக்கிறது. அது ஒரு பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்தால்தான் பூட்டு. மேலே லீவருக்கும் கீழே நாக்குக்கும் நடுவில் இருப்பது ஒரு கேபிள் மட்டும். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும்போதெல்லாம் அந்தக் கேபிளைக் கழற்றி, திரும்ப அளவு வைத்து முடுக்க வேண்டும். அளவு கொஞ்சம் பிசகினாலும் மேலே லீவர் 'பி' என்று காட்டும், கீழே நாக்கு பள்ளத்தின் விளிம்பில் தொட்டும் தொடாமலும் நிற்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

அதனால் மஞ்சுநாத் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வண்டியை லிஃப்டில் தூக்கி, ஒருவர் உள்ளே உட்கார்ந்து லீவரை ஒவ்வொன்றாகத் தள்ளிச் சத்தமாகச் சொல்ல வேண்டும். "பி." கீழே நிற்பவர், கேபிள் இழுக்கும் கியர்பாக்ஸின் கை அந்த எழுத்துக்கான கோட்டுக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்து, பின்சக்கரங்களுக்குப் போகும் ஷாப்ட்டைக் கையால் சுற்றிப் பார்த்து, அது அசையாவிட்டால்தான் திரும்பச் சொல்ல வேண்டும். "பி." பிறகு "ஆர்", "என்", "டி". பொருந்தாவிட்டால் கீழே இருப்பவர் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. "இல்ல." கடைசியில் சீட்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு ஜோடி முருகேசன். தர்மபுரிக்காரன், என்னைவிட ஆறேழு வயது இளையவன், வெள்ளை மனசு. நாங்கள் இருவரும் இந்த வழக்கத்தைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை.

"அண்ணா, பால்வாடிக்கு டைம் ஆச்சு. வாங்க, ஏ பி சி டி சொல்லலாம்" என்பான்.

ஆனால் கிண்டல் செய்துவிட்டு அவன் ஒழுங்காகக் கீழே நின்று பார்ப்பான். நான்தான் அப்படி இல்லை. எத்தனை கியர்பாக்ஸைத் தொட்ட கை! லீவர் விழும் 'டக்' சத்தமே எனக்குப் போதும் என்று ஒரு திமிர். முருகேசன் வேறு வேலையில் இருந்தால், நானே உள்ளே உட்கார்ந்து லீவரைத் தள்ளிப் பார்த்துவிட்டு, இரண்டு இடத்திலும் நானே கையெழுத்துப் போட ஆரம்பித்தேன். அவன் கையெழுத்து சுலபம். 'முருகேசன்' என்று எழுதி அடியில் ஒரு சுழி.

அன்று வெள்ளிக்கிழமை. உத்தனப்பள்ளிப் பக்கத்தில் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கும் ஒரு விவசாயியின் பெரிய வண்டி. பெங்களூரில் பழையதாக வாங்கியது. அவரும் அவர் மனைவி லட்சுமம்மாவும் வண்டியை எடுக்கக் காலையிலேயே வந்துவிட்டார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், எங்களிடம் நல்ல தமிழ்.

"பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சிரும் மேஸ்திரி. அதுக்குள்ள தாண்டிரணும்" என்றார் அவர்.

மணி பத்தேகால். கேபிள் முடுக்கி அப்போதுதான் கீழே இருந்து வந்திருந்தேன். முருகேசன் பின்னால் வேறொரு கியர்பாக்ஸைப் பாதி தூக்கிக்கொண்டு நின்றான். கூப்பிட்டால் அதை இறக்கி வைத்துவிட்டு வர வேண்டும். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷ வேலை. நான் கூப்பிடவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, உள்ளே உட்கார்ந்து, நாலு தடவை 'டக், டக்' கேட்டேன். சீட்டில் என் பெயரைப் போட்டேன். கீழே 'முருகேசன்' என்று எழுதி சுழித்தேன்.

வண்டியை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். எங்கள் முற்றம் கேட்டை நோக்கிக் கொஞ்சம் சரிவு. எண்ணெய் சூடேறினால்தான் அளவு பார்க்க முடியும் என்பதால், இன்ஜினை ஓடவிட்டு, லீவரை 'பி'யில் வைத்துவிட்டு இறங்கினேன். கைபிரேக் போடவில்லை. 'பி' இருக்கும்போது எதற்கு என்று.

லட்சுமம்மா ஒரு துணிப்பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழம் எடுத்தார். வழக்கமாக அதை நாங்கள்தான் வைப்போம். "நானே வெக்கிறேன் தம்பி, என் கையால வெச்சாதான் எனக்கு திருப்தி" என்றார். பின்சக்கரங்களுக்கு வைத்தார். முன்பக்கம் வந்து இடது சக்கரத்துக்கு வைத்தார். வலது சக்கரத்துக்குக் குனிந்தார். அந்த நேரத்தில் அவர் கணவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

அவ்வளவுதான். கதவு சாத்திய குலுக்கல் போதுமாக இருந்தது.

'கட கட கட' என்று ஒரு சத்தம். நாக்கு பள்ளத்தில் விழாமல் பல்லின் மேல் தாவித் தாவிப் போகும் சத்தம். வண்டி முன்னால் நகர்ந்தது. அந்த அம்மா அலறியதும் கணவர் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றது. எங்கே நிற்கக் கூடாதோ அங்கே நின்றது.

நான் அசையவில்லை. உண்மையைச் சொல்கிறேன், உங்கள் அப்பா நான் கல் மாதிரி நின்றேன். பிரேக்கை விடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. பின்னாலிருந்து ஓடி வந்தது முருகேசன். முன்பக்கம் போய் பானெட்டில் தோளைக் கொடுத்து, "சார், பிரேக்க விடுங்க! நான் புடிச்சிருக்கேன், விடுங்க!" என்று கத்தி, சரிவில் அந்த வண்டியை ஒற்றை ஆளாகப் பின்னுக்குத் தள்ளினான். அரை அடி. அதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டார்கள். தரையில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. அந்த அம்மாவின் வலது கையை நான் பார்த்தேன். அதை எழுத மாட்டேன்.

மஞ்சுநாத் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். உயிருக்கு ஒன்றுமில்லை, இரண்டு விரல் இனி மடங்காது என்று மத்தியானம் சேதி வந்தது. ரோஜா வெட்டுகிற கை. கத்தரி பிடிக்கிற விரல்கள்.

சாயங்காலம் முதலாளி பெங்களூரிலிருந்து போன் செய்தார். கீழே நின்று பார்த்து "பி" சொன்னது யார் என்று கேட்டார். மஞ்சுநாத் சீட்டை எடுத்து வாசித்தார். முருகேசன். நாளையிலிருந்து அவன் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

எனக்கு முதல் அதிர்ச்சி காலையில். இரண்டாவது அதிர்ச்சிக்கு நான் தயாராகவே இல்லை. முருகேசன் சீட்டை வாங்கிப் பார்ப்பான், இது என் கையெழுத்து இல்லை என்று கத்துவான், எல்லாம் வெளியே வரும் என்று நினைத்து நின்றேன். அவன் வாங்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அண்ணா, நான் கீழ நின்னு பாத்தனா? எனக்கு நெனப்பே வரலியே. பாத்திருப்பேன், இல்ல? கையெழுத்து போட்டிருக்கறனே."

நான் தலையை ஆட்டினேன்.

பிள்ளைகளே, நான் தலையை ஆட்டினேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "அய்யோ, அந்தம்மா கைய நானே கெடுத்துட்டனே" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். என் மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கை அவன் ஞாபகத்தையே அழித்துவிட்டது. ஒரு மனிதனுக்கு இப்படியும் செய்ய முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். செய்தது நான்.

மறுநாள் காலை மஞ்சுநாத் அந்த வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொன்னார். யாரும் அதில் கை வைக்கவில்லை, நேற்று இருந்தபடியே இருந்தது. முருகேசன் தன் சாமான்களை எடுத்துப்போக வந்து ஓரமாக நின்றான். மஞ்சுநாத் தானே உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

"அண்ணா, நீங்க கீழ போங்க."

போனேன். மேலேயிருந்து குரல் வந்தது.

"பி."

கியர்பாக்ஸின் கை கோட்டுக்கு வரவில்லை. ஒரு தீக்குச்சி தடிமன் தள்ளி நின்றது. ஒரு தீக்குச்சி! ஷாப்ட்டைப் பிடித்தேன். சுற்றியது.

"பி" என்று மறுபடி சொன்னார்.

கீழே நிற்பவர் சொல்ல இரண்டு பதில்தான் உண்டு. ஒன்று பொய்.

"இல்ல" என்றேன். "இல்ல சார். முருகேசன் பாக்கல. அவனுக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு கையெழுத்தும் நான் போட்டது."

மேலே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். இறங்கி வந்தார்.

"இதுக்கு முன்னாடி எத்தனை அண்ணா?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. எண்ணியதில்லை. அவர் இரண்டு வருஷச் சீட்டுக் கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். முருகேசன் பார்த்ததையும் நான் பார்த்ததாக எழுதியதையும் நானே பிரித்து வைக்க வேண்டும். உட்கார்ந்து பிரித்தேன். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து என் பக்கத்துக் குவியல் ஒன்பதில் நின்றது. ஒன்பது குடும்பம் என் கையெழுத்தை நம்பி வண்டியைச் சரிவில் நிறுத்திக்கொண்டிருந்தது.

முருகேசன் அந்த ஒன்பது சீட்டையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். மஞ்சுநாத் முதலாளிக்கு போன் செய்து உண்மையைச் சொன்ன பிறகு, முருகேசன் பையை மறுபடி தன் லாக்கரில் வைத்துப் பூட்டினான்.

அந்த வாரமே நான் உத்தனப்பள்ளிக்குப் போய் லட்சுமம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

"அஞ்சு நிமிஷம் ஆவும்னு சொல்லியிருந்தா நாங்க இருந்திருப்போமே தம்பி. ராகு காலம் பன்னெண்டு மணிக்கு முடியுது. இருந்து சாப்டுட்டே போயிருப்போமே."

வெளியே வந்து, சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பதில் எட்டு வண்டியை போன் செய்து வரவழைத்தோம். எட்டும் சரியாக இருந்தன. ஒவ்வொன்றும் சரி என்று தெரியத் தெரிய எனக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. இப்படித்தானே நான் ஏமாந்தேன்! ஒவ்வொரு தடவையும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதானே அடுத்த தடவைக்குத் தைரியம் கொடுத்தது.

மீதி ஒன்று அஞ்செட்டிக்கு உள்ளே, மலை மேல் ஒரு பண்ணையில் இருந்தது. போன் எடுக்கவில்லை. "இன்னொரு ஆள் வேணுமே அண்ணா, யாரைக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று மஞ்சுநாத் கேட்டபோது, முருகேசன் பேசாமல் பைக் சாவியை எடுத்தான். தேன்கனிக்கோட்டை தாண்டி, காட்டு ரோட்டில் இரண்டு மணி நேரம். ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் உட்கார்ந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன்.

பண்ணையில் டிரைவர் மாதப்பன் மட்டும் இருந்தார். வண்டி வீட்டுக்கு மேற்புறம் நல்ல சரிவில் நின்றது. அதற்கு நேர் கீழே களத்தில் இரண்டு பெண்கள் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டியின் இரண்டு பின்சக்கரத்துக்கும் ஒவ்வொரு பாறாங்கல் முட்டுக் கொடுத்திருந்தது.

"கல்லு எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"அது உங்ககிட்ட வேல செஞ்சி வந்த நாள்லருந்தே பி-ல நிக்காது சார். கடகடன்னு எறங்கிப் பூடும். ஆட்டோமேட்டிக் வண்டின்னா கல்லு வெக்கணும் போலன்னு நாங்களா நெனச்சிக்கினோம். நமக்கு இன்னா தெரியும்? நீங்க பாத்து கையெழுத்து போட்டுக் குடுத்தது, அது சரியாத்தான இருக்கும்?"

என் காலுக்குக் கீழே மலையே நகர்ந்த மாதிரி இருந்தது. ஐந்து மாதமாக அந்தக் களத்தையும் அந்தப் பெண்களையும் காத்தது இரண்டு கல். என் கையெழுத்து அவர்களைக் காக்கவில்லை. வண்டி சரியில்லை என்று கண்ணால் பார்த்த பிறகும், தப்பு தங்களுடையது என்று அவர்களை நம்ப வைத்திருந்தது.

லிஃப்ட் இல்லை. கல் கல்லாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். முருகேசன் உள்ளே ஏறினான். ஒரு வாரத்துக்குப் பிறகு அவன் குரலைக் கேட்டேன்.

"பி."

"இல்ல" என்றேன்.

கேபிளைத் தளர்த்தி, கியர்பாக்ஸின் கையைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து முடுக்கினேன்.

"பி."

ஷாப்ட்டை இரண்டு கையாலும் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. ஆனாலும் பதில் சொல்ல எனக்கு நேரமானது. அவன் அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தான்.

"பி" என்றேன்.

"நல்லா பாத்துக்கினீங்களாண்ணா?"

"பாத்துட்டேன் முருகேசா."

"சரி. அப்ப ஆர்" என்றான்.

சீட்டில் அவன் இடத்தில் அவனே கையெழுத்துப் போட்டான். அந்தச் சுழியை நான் போட்டது எவ்வளவு மோசம் என்று அப்போது பார்த்தேன். அவனுடையது சின்னது, அடக்கமானது. மஞ்சுநாத் முதலாளியிடம் பேசியதால்தான் எனக்கு வேலை போகவில்லை. ஆனால் அதன் பிறகு ஒரு வருஷம் எந்தச் சீட்டிலும் கையெழுத்துப் போட மஞ்சுநாத் என்னை விடவில்லை. சாமான் கழுவினேன், காற்று அடித்துக் காய வைத்தேன். அதைத்தான் நான் உங்களிடம் 'முதுகுக்காக லேசான வேலை கேட்டு வாங்கினேன்' என்று சொன்னது.

பூங்கொடி, உன் வண்டியின் சீட்டில் இருப்பது யார் கை என்று எனக்குத் தெரியாது. நல்ல வேலைக்காரனாகவே இருப்பான். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருவேளை கேபிள் சரியாகவே இருக்கலாம். ஆனால் பார்த்தது யாரும் இல்லை.

நாளைக்குக் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் எனக்குப் பத்து நிமிஷம் கொடு. அருள் பின்சக்கரத்தில் கல்லைப் பார்த்துக்கொள்ளட்டும். நீ உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல். எனக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், சத்தமாகச் சொல். கீழே இருந்து பதில் வரத் தாமதமானால் அவசரப்படாதே. மேல் வீட்டுக்காரர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நான் பார்த்துச் சொல்லும்வரை அந்தக் கல்லை எடுக்காதே.